ஹில்ஸ்பரோவில் பாசி அழிந்த வரலாறு

கோதண்டராமன் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் பல் நீலமாகத் தெரியும். வரவேற்பறையில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நானூறு லிட்டர் கடல் கண்ணாடித் தொட்டிக்குள் நிற்கிறது. அதன் மேல் தொங்கும் விளக்குகள் பவளங்களுக்கு உகந்த நீலத்தில் எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் பவளங்கள் உயிரோடு இருப்பதுபோலவும், சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்பவர்கள் இறந்து சற்று நேரம் ஆனவர்கள்போலவும் தெரியும். குளிர்காலத்தில் ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்நேரத்தில் நாயோடு நடக்கப் போகிறவர்கள், திரைச்சீலைக்குப் பின்னால் நீலம் அலையடிப்பதைக் கண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நாய்கள் அதற்கு முன்பே போயிருக்கும்.

இந்தக் கடலின் உரிமையாளர் ஐம்பத்திரண்டு வயதானவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனையாளர். அதாவது, பிறர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவர். பிறவியிலேயே இதற்கான தகுதி இருந்ததால் அலுவலக நேரம் முடிந்த பிறகும் பணியைத் தொடர்ந்தார். சாம்பாரில் கண்டுபிடித்தார், கோயில் வாகன நிறுத்தத்தில் கண்டுபிடித்தார். அளந்து பார்க்காத எதையும் நம்பலாகாது என்பது அவர் கொள்கை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பானை பொங்கியபோது ஊரே கூவியது. அவர் மட்டும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு டிகிரி இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவரைப் பொங்கல் குழுவில் சேர்ப்பதில்லை.

மனைவி சாந்தகுமாரி பாலர் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சீர்காழிக்காரர். நாள் முழுவதும் மூன்று வயதுக் குழந்தைகளோடு இருந்துவிட்டு வருவதால் கோதண்டராமனைக் கையாள்வது அவருக்குப் பெரிய பாடாக இருந்ததில்லை.

அந்த வருடம் அந்த வீட்டில் இரண்டு வளர்ந்தன. தொட்டியில் பாசி. சாந்தகுமாரியின் கழுத்தில் ஒரு கட்டி.

கட்டி இடது பக்கம், தாலிக்கொடிக்குச் சற்று மேலே இருந்தது. குடும்ப மருத்துவர் அழுத்திப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருக்கிறது என்று ஸ்கேனும் ஒப்புக்கொண்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் என்ன வகை என்று தெரியும். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடும்வரை கவலைப்பட வேண்டாம் என்றார்கள். நியூசிலாந்தில் கவலைப்படாமல் இருப்பதற்கு நீண்ட வரிசை உண்டு. சாந்தகுமாரியின் அக்காவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. அக்கா இப்போது இல்லை.

இதற்குப் பிறகு அந்த வீட்டில் கழுத்து என்ற உறுப்பு இல்லாமல் போயிற்று. ‘கழுத்துவலி’ என்று யாரும் சொல்வதில்லை. கழுத்துச் செயினைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் ‘அந்தச் செயின்’ என்றார்கள். கோதண்டராமனிடம் அளக்கும் கருவிகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன; அவற்றுள் எதுவும் இதற்கு ஆகாது. ஆகவே அவர் தம் முழுக் கவனத்தையும் பாசியின் பக்கம் திருப்பினார்.

அது சாதாரணப் பாசியன்று. மயிர்ப்பாசி. பாறையிலிருந்து முழ நீளத்துக்கு வளர்ந்து, பம்பு தள்ளும் நீரோட்டத்தில் இப்படியும் அப்படியும் வாரிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் யாரோ குப்புறக் கிடப்பதுபோலவும், தலைமயிர் மட்டும் நமக்குத் தெரிவதுபோலவும் இருக்கும். கோதண்டராமன் முழங்கைவரை கைவிட்டுப் பிடுங்குவார். பிடுங்கிய இடத்திலேயே மறுவாரம் அதே நீளத்துக்கு, அதே வகிட்டோடு நிற்கும்.

பாசியைப் பிடுங்குவது மூடர் வேலை, அதன் சாப்பாட்டைப் பிடுங்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த கட்ட ஞானம். மீன் தின்னாமல் விட்டதும், தின்றுவிட்டு விட்டதும் தண்ணீரில் கரைந்து நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஆகின்றன. பாசி அவற்றைத் தின்று வளர்கிறது. இரண்டையும் குறைத்தால் பாசி பட்டினியால் சாகும். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். கோதண்டராமன் தினமும் குலுக்கினார். குழாய்த் தண்ணீரை நான்கு வடிகட்டிகளில் ஏற்றி இறக்கி, உப்பு கலந்து, கடல் செய்தார். பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்புக் குருணையைக் குழாயில் அடைத்தார். போதாதென்று மீன்களுக்கு ஏகாதசி விரதமும் விதித்தார்.

“ஏங்க, இன்னைக்காவது அதுங்களுக்கு எதாச்சும் போட்டீங்களா?”

“போட்டா பாசி தின்னுடும்.”

“போடலேன்னா மீனு எதத் தின்னும்?”

“சாந்தா, இது கெமிஸ்ட்ரி. உனக்குப் புரியாது.”

“அந்த மஞ்ச மீனு என்னையவே பாக்குதுங்க. எனக்கு அது மட்டும் நல்லாப் புரியுது.”

பாசி சாகவில்லை. ஏழெட்டு மாதம் அது தழைத்தது. பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு வாரத்தில், சாகத் தொடங்கியது.

முதலில் நுனி வெளுத்தது. பிறகு கற்றை கற்றையாகக் கழன்று வடிகட்டியில் சிக்கியது. ஒரு மாதத்துக்குள் பாறைகள் மழித்த தலைபோல் ஆகிவிட்டன. கோதண்டராமன் இதை இரும்புக் குருணையின் வெற்றி என்று அறிவித்தார். அந்த மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கோட்பாட்டை முழுவதுமாகக் கேட்ட பிறகே காபி குடித்தார்கள். ஒருவர் தம் வீட்டில் மீன்தொட்டி இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கும் குருணை கொடுத்தனுப்பினார்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. குப்பியில் நீலம் வருவதே நின்றுபோயிற்று. பாஸ்பேட் சைபர். நைட்ரேட்டும் சைபர். இவ்வளவு சுத்தத்தைத் தாம் செய்யவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்தது. குருணையை எடுத்துவிட்டார். சைபர். விரதத்தை முடித்து மீனுக்கு மூன்று வேளை போட்டார். சைபர். மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிய மருந்து வாங்கினார். புதிய மருந்தும் சைபர் என்றது. போட்டதெல்லாம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. நானூறு லிட்டர் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் தெளிந்தது. அப்படித் தெளிந்த தண்ணீரை அவர் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் இருப்பதே தெரியாமல் மீன்கள் அந்தரத்தில் தொங்கின. ஆனால் புதன்கிழமைகளில் மட்டும் வேறு. புதன் காலை எழுந்து வந்தால் தொட்டி முழுவதும் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்து, பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருக்கும். பம்பின் வாயில் பாலாடைபோல் ஒரு தோல் படர்ந்திருக்கும். கையால் எடுத்தால் விரலைச் சுற்றிக்கொள்ளும். அழுக்கு நுரையைச் சேகரிக்கும் கிண்ணம் கறுத்து வழிந்திருக்கும். வியாழன் மாலைக்குள் எல்லாம் சரியாகி, முன்னைவிடத் தெளிவாக, முன்னைவிட வெறுமையாக நிற்கும். அடுத்த புதன் மறுபடியும் பால்.

“கெழமை பாத்து வருது சாந்தா.”

“என்னது?”

“அந்த வெள்ளை.”

சாந்தகுமாரி இட்லித் தட்டிலிருந்து நிமிரவில்லை. “தண்ணிக்குக் கெழமை எல்லாம் தெரியுமா? கெமிஸ்ட்ரின்னு சொன்னீங்களே,” என்றார்.

கோதண்டராமன் நகரின் மேற்கே ரானுயியிலிருந்து நரேந்திரனை வரவழைத்தார். நரேந்திரன் மலேசியாவின் ஈப்போக்காரர், வீட்டுக்கடன் தரகர். பவளம் வளர்க்கும் பைத்தியத்தைக் கோதண்டராமனுக்குத் தொற்ற வைத்தவர். தொட்டியிலுள்ள பெரிய மூளைப் பவளம் அவர் கொடுத்ததுதான். ஆகவே, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

“பசியாறிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து தொட்டியைப் பார்த்தார். அன்று புதன்கிழமை. நிமிர்ந்தபோது பேச்சு தணிந்திருந்தது. “அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டுல யாரு வோட்கா குடிக்கிறது?”

“வோட்காவா? எங்க வீட்டுலயா?”

“நீங்க குடிக்கல லா. உங்க டேங்கு குடிக்குது.”

அவர் விளக்கினார். அயல்நாடுகளில் சிலர் வேண்டுமென்றே தொட்டிக்குள் சொட்டு வோட்கா விடுவார்களாம். பாக்டீரியாவுக்கு அது விருந்து. குடித்துப் பெருகும், பெருகும் வேகத்தில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாரி உள்ளே போட்டுக்கொள்ளும். பாசிக்கு மிச்சம் இருக்காது. அளவு மீறினால் பாக்டீரியாக் கூட்டமே பாலாகத் தெரியும். மூச்சுக்காற்றை அது உறிஞ்சிவிடுவதால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

“வோட்காதான்னு இல்ல. வினிகர், சீனி, எது ஊத்தினாலும் இதே கதைதான். ஆனா யாரோ ஊத்துறாங்கண்ணே. அதுவா வராது லா.”

“வீட்டுல நானும் சாந்தாவும் மட்டும்தான்.”

நரேந்திரன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சாந்தகுமாரி அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நரேந்திரன் குரலை இன்னும் தணித்தார். “அப்ப பெரியாச்சி மாதிரி துடியான சாமி எதாச்சுமா?” என்றார். வந்த காபியைக் குடிக்காமலே புறப்பட்டுவிட்டார். வீட்டுக்கடன் வட்டி மூன்று முறை ஏறியபோதுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லை.

சோதனையாளர் பேயை ஏற்க மாட்டார். மகளைச் சந்தேகப்பட்டார். மஹதி டனீடினில் படிக்கிறாள். ஜூலை விடுமுறைக்கு வந்து போயிருந்தாள். போனில் பிடித்தார்.

“மஹதி, நீ வந்தப்போ வோட்கா எதாவது கொண்டுவந்தியா? உண்மையைச் சொல்லு, திட்ட மாட்டேன்.”

“வாட்? அப்பா, ஆர் யூ ஓகே?”

“தொட்டிக்குள்ள ஊத்தினியா?”

“ஐ ஆம் இன் டனீடின், அப்பா. போஸ்ட்லயா ஊத்துவேன்?” உடனே அவளே கேட்டாள். “ஹவ்ஸ் அம்மா? ஹாஸ்பிடல்ல கூப்டாங்களா?”

“நைட்ரேட் சைபர்,” என்றார் கோதண்டராமன்.

“அப்பா, நான் அம்மாவைக் கேட்டேன்.”

“தண்ணி வெள்ளையா இருக்கு,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அடுத்தபடியாகப் பழுப்பு வந்தது. பாசி இருந்த இடமெல்லாம் காலியாகக் கிடந்தால் வேறொன்று குடிவரத்தானே செய்யும்! மணலின்மேல் சளிபோல் பழுப்புப் படலம். அதில் நூல் நூலாகத் தொங்கி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு நீர்க்குமிழி. விளக்கை அணைத்தால் அது மறைந்துவிடும். காலையில் மணல் சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். விளக்கு போட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பி வந்து, பகல் பன்னிரண்டுக்குள் பழைய இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தின்ன முயன்ற நத்தைகள் ஓட்டுக்குள்ளிருந்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு செத்தன. பவளங்கள் நிறம் இழந்தன. பச்சையும் சிவப்புமாக இருந்த மூளைப் பவளம் வெளுத்து, சுருங்கி, தசைக்கு அடியிலிருந்த எலும்பின் விளிம்பு தெரியத் தொடங்கியது. கோதண்டராமன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தீராத பசியோடு சாகிற எதையும் அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. தண்ணீர் படிகம்போல் இருந்தது.

இந்த நாட்களில்தான் இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஒருநாள் மாலை சாந்தகுமாரி தொட்டிக்கு அருகில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த நீலத்தில் அவர் கழுத்தின் இடப்பக்கம் எப்போதும் விழும் சிறு நிழல் அன்று விழவில்லை.

தப்பாகப் பார்த்திருக்கலாம். ஆகவே ஞாயிறு மதியம் சாந்தகுமாரி சோபாவில் அயர்ந்தபோது, கோதண்டராமன் அலமாரியிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு பூனைபோல் வந்தார். இரண்டு உலோகத் தாடைகளையும் விரித்து மனைவியின் கழுத்துக்கு மேல் பிடித்தார். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். சாந்தகுமாரி கண்ணைத் திறந்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. பவளத்தை அளந்துட்டிருந்தேன்.”

“பவளம் அந்தப் பக்கம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அளவு எடுக்கப்படவில்லை. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில் ஐயமில்லை. கட்டி முன்பு இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. தொட்டியில் ஒவ்வொன்றாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது, இங்கேயும் கரைகிறது. கோதண்டராமனுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை; அளவுகோலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

உண்மையை எறும்புகள் கொண்டுவந்தன. ஒரு சனிக்கிழமை காலை, சமையலறை ஜன்னலில் புறப்பட்ட ஓர் எறும்புச் சாரி சுவரோரமாக நடந்து, கூடத்தைக் கடந்து, தொட்டியின் மேசைக்காலில் ஏறி, கண்ணாடி மூடிக்குப் போய்க்கொண்டிருந்தது. கோதண்டராமன் மண்டியிட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீரைத் தேடி எறும்பு போகுமா? போய்க்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், திருவிழாவுக்குப் போவதுபோல். மூடியின் ஓரத்தில் பழுப்பாக, பிசுக்கென்று ஏதோ காய்ந்திருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் வட்டமாகத் தலைவைத்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு. அதற்கு அடியில் வெல்லம்.

நரேந்திரன் சொன்ன சீனி ஞாபகத்துக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. பால் தோன்றுவது புதன் காலை. அப்படியானால் விருந்து நடப்பது செவ்வாய். சீர்காழிக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன் கோயில். உடம்பில் மருவோ கட்டியோ வந்தால் செவ்வாய்க்கிழமை போய், குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள்; வெல்லம் கரைவதுபோல் அதுவும் கரையும். ஆக்லாந்தில் எந்தக் குளத்தில் கரைப்பது? பூங்காக் குளத்தில் எதையும் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். கீழே மானுக்காவ் துறைமுகத்தில் மழை பெய்தால் இறங்காதே என்று எச்சரிக்கை வருகிறது; ஆக்லாந்தில் மழை பெய்யாத செவ்வாய் ஏது? ஆனால் மீன் நீந்தும் சுத்தமான நீர்நிலை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நான்கு வடிகட்டிகளில் ஏறி இறங்கிய தீர்த்தம்.

செவ்வாய் காலை, காரை மெக்கானிக்கிடம் விடப் போவதாகச் சொல்லிவிட்டு, கோதண்டராமன் பின்வாசல் வழியாக வந்து துணி துவைக்கும் அறைக்குள் நின்றார். கதவிடுக்கில் கூடம் தெரிந்தது.

சாந்தகுமாரி தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தார். நீல வெளிச்சத்தில் அந்தக் கூந்தலுக்கு நிறமில்லை. மூடியைத் தூக்கும்போதே மீன்களெல்லாம் ஒரே பக்கமாக வந்து, வரிசையாக, அசையாமல் நின்றன. அவற்றுக்குப் பழகியிருந்தது. அவர் கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டார். விரல்களுக்கு நடுவில் நெல்லிக்காய் அளவு வெல்லம். ஆரம்பத்தில் புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்திருக்கும். பாசி குறையக் குறைய நம்பிக்கை ஏறியிருக்கிறது. வெல்லத்திலிருந்து பழுப்பாக ஒரு புகை கிளம்பி, பாறைகளின்மேல் இறங்கி, காணாமல் போயிற்று. முழுவதும் கரையும்வரை அவர் கையை எடுக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“அதைத்தான் கரைச்சிட்டியே. இதையும் எடுத்துக்க.”

பாசியைச் சொல்கிறார் என்று கோதண்டராமனுக்குப் புரிந்தது. சாந்தகுமாரி ஈரக்கையை எடுத்துக் கழுத்தின் இடப்பக்கம் வைத்துக்கொண்டார். வெளுத்த மூளைப் பவளம் பகலில் விரிக்காத தன் மெல்லிய விரல்களை, அப்போது, மெதுவாக வெளியே நீட்டியது.

துணி துவைக்கும் அறையில் கோதண்டராமன் வெகுநேரம் நின்றார். குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு வாழ்நாளின் மிகப் பெரிய குற்றம் கையும் களவுமாகக் கிடைத்திருக்கிறது. வெளியே போய்ச் சொல்ல வேண்டியதுதான். ‘சாந்தா, நீ போடுவது பாக்டீரியாவுக்குத் தீனி. பாசி அழிந்தது உன் வேண்டுதலால் இல்லை, கார்பன் மிகுந்து நைட்ரேட் குறைந்ததால்.’ எல்லாம் சரியான வாக்கியங்கள். சொன்னால் தொட்டி பிழைக்கும். ஆனால் வெல்லம் நிற்கும். நின்ற பிறகு அந்தக் கட்டி ஓர் இழை வளர்ந்தாலும், தம் மனைவி தம்மை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தார். அந்த மஞ்சள் மீன் ஏகாதசிகளில் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. சொல்லாவிட்டால் இன்னும் சில செவ்வாய்களில் தொட்டியில் எலும்பும் தண்ணீரும்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் தீர்வு ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் கிடைத்தது. வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு உரம் விற்கும் கடை ஒன்றில் நைட்ரேட் உரம் கேட்டார். கடைக்காரர் அவருடைய சட்டையையும், தாடியையும், தோட்டம் பார்த்திராத விரல்களையும் பார்த்துவிட்டு, எந்தப் பயிருக்கு என்று கேட்டார். “கடலுக்கு,” என்றார் கோதண்டராமன். நைட்ரேட்டில் வெடிகுண்டும் செய்யலாம் என்பதால் கடைக்காரர் அவருடைய பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார். கார் எண்ணை வெளியே வந்து பார்த்துப் போனார். ஒரு வருடமாக எதை மில்லிகிராம் மில்லிகிராமாகப் பிடுங்கினாரோ அதையே மூட்டையாக வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு அவர் வீடு திரும்பினார்.

கணக்கு எளிது. சாந்தகுமாரி வெல்லம் போடுவார். பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்னும். தின்பதற்கு முன்கூட்டியே நைட்ரேட்டை இவர் போட்டுவிட வேண்டும். பாஸ்பேட்டுக்கு மீன் தீனியை இரட்டிப்பாக்கினார். மூச்சுக்குத் தனிக் காற்றுக்குழாய் ஒன்று பொருத்தி, மனைவியிடம் அது பூச்சி விரட்ட என்றார். செவ்வாய்தோறும் காலையில் ஒருவர் ஏதோ கரைத்துவிட்டுப் போக, பின்னாலேயே இன்னொருவர் வந்து ஏதோ கரைத்தார். இருவரும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்கவில்லை. பழுப்புச் சளி மெல்லப் பின்வாங்கியது. குப்பியில் மங்கலாக நீலம் திரும்பியது. மூளைப் பவளத்தின் ஓரத்தில், நகக்கணு அளவு, சதை பச்சை பிடித்தது. தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம், தமக்கு முன்னால் விட்ட கையின் சூடு தண்ணீரில் இன்னும் இருப்பதாகக் கோதண்டராமனுக்குத் தோன்றும். வெப்பமானி அப்படி ஒன்றும் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஊசி போட்டு எடுத்தார்கள். மறுபடி காத்திருக்கச் சொன்னார்கள். முடிவு சொல்லும் நாளில் இருவரும் போய், மருத்துவர் எதிரே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“நல்ல செய்தி,” என்றார் மருத்துவர். கெட்ட கட்டி இல்லை. ஸ்கேனில் பார்த்ததைவிடச் சிறுத்தும் இருந்தது.

“ஏன் சிறுத்தது?” என்று கேட்டார் கோதண்டராமன்.

“சில கட்டிகள் சிறுக்கும்.”

“எதனால்?”

மருத்துவர் தோளைக் குலுக்கினார். “சிலது சிறுக்கும், சிலது திரும்ப வரும். ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.” காரணம் தெரியாமலே இவ்வளவு நிம்மதியாகப் பேசும் நிபுணரைக் கோதண்டராமன் வெறித்துப் பார்த்தார். காரில் ஏறியதும் சாந்தகுமாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் போடாமல், நிறைய நேரம் அழுதார். கோதண்டராமன் என்ஜினைக் கிளப்பாமல் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த செவ்வாய் சாந்தகுமாரி தலைக்குக் குளிக்கவில்லை. வேண்டியது நடந்துவிட்டது, அவ்வளவுதான். வெல்லம் பொங்கலுக்கும் அதிரசத்துக்கும் திரும்பியது. மூன்றாவது வாரம் பாறையின் உச்சியில் ஓர் இழை பச்சையாக நின்றது. ஒரே ஓர் இழை. நீரோட்டத்தில் இப்படியும் அப்படியும் வாரிக்கொண்டிருந்தது. கோதண்டராமன் அதைப் பார்த்தார். பிறகு, தம்மையறியாமல் திரும்பி, சமையலறையில் நின்றிருந்த மனைவியின் கழுத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. வெளிச்சம் போதாமல் இருக்கலாம். விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

“என்னங்க, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல.”

செவ்வாய் காலை கோதண்டராமன் தலைக்குக் குளித்தார். வெல்ல டப்பாவின் மூடி பிடிவாதக்காரி. திறக்கும்போது சத்தம் போட்டுவிட்டது. சாந்தகுமாரி வந்து வாசற்படியில் நின்றார். கணவரின் ஈரத்தலையையும், அவர் விரல்களுக்கு நடுவில் இருந்ததையும், திறந்திருந்த தொட்டியையும், ஒரு பக்கமாக வந்து வரிசையில் நின்ற மீன்களையும் பார்த்தார்.

“எவ்ளோ நாளா தெரியும்?”

“எறும்பு வந்ததுலேருந்து.”

“சொல்லியிருக்கலாம்ல?”

கோதண்டராமன் கையைத் தண்ணீருக்குள் விட்டார். “நைட்ரேட் ஏறியிருக்கு சாந்தா. பாசி வந்துடும். இது கார்பன். எல்லா நாட்டுலயும் பண்றாங்க.”

“எவ்ளோ ஏறியிருக்கு?”

“பதினஞ்சு.”

அன்று அவர் தண்ணீரை அளக்கவில்லை. சாந்தகுமாரி பக்கத்தில் வந்து, முந்தானையைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

“மேல வச்சா மூடில ஒழுகும். ஆழமா விடுங்க. கரையற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது.”

வெல்லம் கரையத் தொடங்கியது. மீன்கள் அசையவில்லை.

“என்ன சொல்லணும்?” என்று கேட்டார் கோதண்டராமன்.